மூடுபனிக்கு மேலே வெயில் இருக்கிறது: சுவிஸ் தமிழ்ப் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்ப் பள்ளி நிர்வாகத்தினருக்கும், ஆசிரியர்களுக்கும், என்னைப் போலவே இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும் அம்மாமார் அப்பாமாருக்கும் வணக்கம்.

நான் சூரிச் மாநிலத்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். என் மூத்த மகள் உங்கள் பள்ளிகளில் ஒன்றில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். கடந்த தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவள் தமிழ் வகுப்புக்கு வரவில்லை. "சுகமில்லை எண்டு எழுதிவிடு" என்று ஒரு தோழி சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. பனிச்சறுக்குக்குப் போனோம் என்றே எழுதிக் கொடுத்தேன். அடுத்த கிழமை பள்ளி வாசலில் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தமிழை விட்டுப்போட்டு அந்தக் குளிருக்குள்ள விழுந்து எழும்பவோ போனனீங்கள்?" அன்போடுதான் கேட்டார். அந்த நேரம் எனக்கு மறுமொழி வரவில்லை. அந்த மறுமொழியைத்தான் இப்போது எழுதுகிறேன். அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, அந்தக் கேள்வியை மனதில் வைத்திருக்கும் எல்லோருக்குமாக.

முதலில் அந்த நாள்.

நாங்கள் ஏழு பேர். என் தோழிகள் இருவர், அவர்களில் ஒருத்தியின் இரண்டு பையன்கள், நான், என் மகள், எங்கள் மேல்மாடியில் இருக்கும் பல்கலைக்கழகத் தம்பி. ஏழு பேரில் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவன் தம்பி மட்டும்தான். மகளுக்குக் கொஞ்சம் தெரியும். எனக்கு அது இரண்டாம் தடவை. தோழிகள் இருவரும் இந்த நாட்டில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தும் பனிமலையில் கால் வைத்ததில்லை. கார் ஒன்றும் இல்லை. ஒரு தோழி வீட்டில் இருக்கும் ஒரே காரைக் கணவர் சனிக்கிழமை வேலைக்குக் கொண்டு போய்விட்டார்.

காலை ஏழு மணிக்குள் சூரிச் பெரிய ரயில் நிலையத்தில் கூடினோம். மண்டபத்துக் கூரையிலிருந்து தொங்குகிறதே, சிற்பி நிக்கி து சான் ஃபால் செய்த பொன் சிறகுத் தேவதை, அதன் கீழே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டால் யாரும் வழி தவற மாட்டார்கள். ரயிலில் இடப்பக்கமாக இருந்தோம். நீங்கள் போனாலும் இடப்பக்கமே இருங்கள், ஏரி அந்தப் பக்கம்தான். ஆனால் அன்று ஏரி தெரியவில்லை. சூரிச் ஏரி முழுக்க மூடுபனி. சீகல்ப்ரூக்கவில் இறங்கி மாறினோம். அடுத்த ரயில் வாலன் ஏரிக் கரையோரமாகக் குகைகளுக்குள் புகுந்து புகுந்து போய் உன்டர்டேர்சன் என்ற சிறிய நிலையத்தில் எங்களை இறக்கியது. ஃப்ளும்சர்பெர்க் மலைக்குப் போகும் கொண்டோலா, கம்பிவடத்தில் தொங்கிப் போகும் பெட்டி, அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே புறப்படுகிறது. பஸ் தேடவும் தேவையில்லை, கார் நிறுத்த இடம் தேடவும் தேவையில்லை. ரயிலால் இறங்கி, நடந்து, ஏறினால் சரி.

கொண்டோலா மெல்ல மேலே போனது. கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றுமில்லை. பிள்ளைகளும் பேசவில்லை. பிறகு அந்தச் சாம்பல் மெல்ல வெளுத்தது. வெளுத்தது பொன்னானது. ஒரு நொடியில் நாங்கள் வெயிலுக்குள் இருந்தோம். கீழே மூடுபனி ஒரு வெள்ளைக் கடலாகப் பரந்து கிடந்தது. எதிர்க்கரையில் கூர்ஃபிர்ஸ்டன் மலைகள் தீவுகள் போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வானம் அத்தனை நீலம்.

என் தோழி ஒருத்தி அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள். விடியமுன் போய் இருட்டினபின் வீடு வருகிறவள். "இவ்வளவு வருசமும் வெயில் இஞ்சதான் இருந்ததா?" என்று கேட்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

பெற்றோரே, அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டு வரத்தான் இந்த மடல். கார்த்திகையில் மூடுகிற வானம் பல நாட்களுக்குத் திறப்பதில்லை. எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் அந்த மூடிக்குக் கீழேயே பனிக்காலம் முழுவதையும் கழிக்கிறார்கள். வைத்தியர் வைட்டமின் டி துளி எழுதித் தருகிறார், குடிக்கிறோம். உடம்பு அலுப்பு, மனம் அலுப்பு என்று தொலைபேசியில் கதைக்கிறோம். ஆனால் ஒன்றரை மணி நேர ரயில் பயணத்தில், பல நாட்களில், அந்த மூடிக்கு மேலே ஏறிவிடலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். மூடுபனி எந்த உயரம் வரை என்று காலையில் பார்த்துவிட்டு அதற்கு மேலே போய்விடுகிறார்கள்.

மேலே போனதும் சறுக்குப் பலகையும் சப்பாத்தும் தலைக்கவசமும் வாடகைக்கு எடுத்தோம். அந்தச் சப்பாத்தை மாட்டுவதுதான் முதல் போராட்டம். கணுக்கால் அசையாமல் இறுக்கிப் பிடிக்கும், படியேறினால் ரோபோ மாதிரி நடக்க வேண்டும். ஒரு தோழி ஜீன்ஸ் போட்டு வந்திருந்தாள். பதினொரு மணிக்கே அது நனைந்து குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டது. அது என் பிழை, முன்கூட்டியே நான் சொல்லியிருக்க வேண்டும். பஞ்சு உடைகள் வேண்டாம், நீர் புகாத காற்சட்டை ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ப்ரோக்கி என்ற பழைய பொருள் கடைகளிலும், இலையுதிர் காலத்தில் ஊர்களில் நடக்கும் பழைய சறுக்குப் பொருள் சந்தைகளிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பிள்ளைகளுக்கு ஒரு பருவம் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்தால் நாள் வாடகையை விட நயம்.

பழகுகிறவர்களுக்கென்று சாய்வு குறைந்த ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே நகரும் நடைபாதை போன்ற ஒன்று நிலத்தோடு ஓடும், மாயக் கம்பளம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதில் ஏறி நின்றால் மேலே கொண்டுபோய் விடும். தம்பி பையன்கள் இருவருக்கும் "பிட்சாத் துண்டு" சொல்லிக் கொடுத்தான். இரண்டு பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகற்றினால் வேகம் குறையும். அரை மணித்தியாலத்தில் அவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பெரியவர்களுக்குத்தான் கஷ்டம். பயம் வந்தால் உடம்பு தானாக மலைப்பக்கம் சாய்கிறது. சாய்ந்தால் பலகை வழுக்கிவிடும். மகள் எனக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்: "அம்மா, பாரத்தைக் கீழ்ப்பக்கக் காலிலை போடுங்கோ. பள்ளத்தைப் பாருங்கோ, பயப்பிடாதேங்கோ." என் மகள் எனக்கு ஒன்றைத் தமிழில் கற்றுக்கொடுத்த முதல் நாள் அது. வீட்டில் நான்தான் எப்போதும் அவளுடைய தமிழைத் திருத்துவேன். அன்று அவள் ஆசிரியை, நான் மாணவி. அவள் வாயிலிருந்து வந்த தமிழ் அன்று எவ்வளவு சரளமாக இருந்தது என்பதை அந்த வாசலில் நின்ற அக்காவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

மத்தியானம் கட்டிக்கொண்டு போன மரக்கறி ரோல்ஸும், பாணும் சம்பலும், இஞ்சி போட்ட தேத்தண்ணீரும். வெயிலில் ஒரு வாங்கில் இருந்து சாப்பிட்டோம். பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே கீழே இறங்கிவிட்டோம். கடைசிக் கொண்டோலா எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் அசட்டை வேண்டாம். ரயிலில் பையன்கள் இருவரும் தாயின் மடியில் ஆளுக்கொரு பக்கமாகத் தூங்கினார்கள். இருட்டும் நேரத்துக்குச் சற்றுப் பின் வீட்டில்.

இதை இவ்வளவு விரிவாக நான் எழுதக் காரணம் இருக்கிறது.

1991 இல் பத்து வயதில் வடமராட்சியிலிருந்து இங்கே வந்தேன். 1993 மாசியில் என் வகுப்பு ஒரு கிழமை ஸ்கீ லாகர் என்ற பனிச்சறுக்கு முகாமுக்குப் புறப்பட்டது. ஜெர்மன் மொழியில் வந்த படிவத்தை அப்பாவுக்கு நான்தான் வாசித்து விளங்கப்படுத்தினேன். அப்பா உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வந்த கடன் கட்டி முடியவில்லை, ஊரில் தங்கச்சிமாருக்குக் காசு அனுப்ப வேண்டும். படிவத்தை நெடுநேரம் பார்த்தார். "கால் முறிஞ்சால் ஆர் பார்க்கிறது பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, வரமாட்டாள் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். அந்தக் கிழமை முழுக்க என்னை வேறொரு வகுப்பில் இருத்தினார்கள். என்னோடு இன்னும் மூன்று பிள்ளைகள். துருக்கியப் பையன் ஒருவன், கொசோவோப் பிள்ளைகள் இருவர். கணக்குத் தாள் செய்தோம், படத்துக்கு நிறம் தீட்டினோம்.

அதை விட அதற்கடுத்த கிழமைதான் கடினமாக இருந்தது. போய் வந்தவர்கள் முகத்தில் வெயில் பட்ட நிறம். யார் இரவில் யாருடைய கட்டிலுக்குக் கீழே ஒளிந்தது, யார் லிஃப்டிலிருந்து விழுந்தது என்று ஒரே சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்புக்குள் போக வாசல் இல்லை. அப்பா மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவரிடம் இருந்தது பயம், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் இன்று நாங்கள் அந்த நிலையில் இல்லை. அப்படியிருந்தும் அதே கட்டத்தில் அதே புள்ளடி போடுகிறவர்கள் எங்களுக்குள் இன்னும் இருக்கிறார்கள். என் மகளின் வகுப்பிலேயே பார்த்தேன்.

இந்தப் பனிக்கால முகாம்கள் பணக்காரப் பிள்ளைகளுக்கென்று வந்த வழக்கம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த நாட்டுக்கு நிலக்கரி வருவது குறைந்தது. பள்ளிக்கூடங்களைச் சூடாக்க எரிபொருள் போதாமல் பனிக்காலத்தில் மூடினார்கள். அப்போது பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகும் பழக்கம் பரவியது. இன்றைக்கு மாசியில் வரும் விளையாட்டு விடுமுறையின் வேர் அந்தத் தட்டுப்பாட்டில் இருக்கிறது. 1941 இல் தொடங்கிய யுஸ்கிலா என்ற நாடளாவிய இளையோர் முகாம் இன்றும் நடக்கிறது. பல மாநிலங்களிலிருந்தும் வரும் 600 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கித்தான் தெரிவு செய்கிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளின் பெயரும் அந்தச் சீட்டுகளுக்குள் கிடக்கட்டும்.

காசைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. பல பெற்றோருக்கு இது தெரியாது. 2017 மார்கழியில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பிள்ளை கட்டாயம் பங்குபற்ற வேண்டிய பள்ளி முகாமுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டும்தான் கேட்கலாம்; அதுவும் பிள்ளையின் வயதைப் பொறுத்து நாளுக்கு 10 முதல் 16 பிராங் வரைதான். விடுமுறையில் விருப்பத்தின்பேரில் நடக்கும் முகாம்களுக்கு இது பொருந்தாது. என்றாலும் காசு முட்டுப்பாடு என்றால் வகுப்பு ஆசிரியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. நாங்கள் வரி கட்டுகிறோம், எங்கள் பிள்ளைகள் இந்த ஊர்ப் பிள்ளைகள்.

நாள் பயணத்துக்குச் செலவு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய மலைகளில் லிஃப்டுகளுக்கான பெரியவர் ஒருவரின் நாள்சீட்டு 70 பிராங்கைத் தாண்டுகிறது. ஆனால் முதல் நாளில் முழு மலைக்கும் சீட்டு எடுக்கத் தேவையே இல்லை. பழகும் பகுதிக்கு மட்டும் குறைந்த விலையில் சீட்டுத் தரும் இடங்கள் நிறைய உண்டு, கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் முன்கூட்டி வாங்கினால் விலை குறைவு. ரயிலுக்கு ஹல்ப்டாக்ஸ் என்ற அரைக்கட்டண அட்டை இருந்தால் பாதி விலை. 6 முதல் 16 வயது வரையான பிள்ளைக்கு யூனியர் அட்டை எடுத்தால், தாயோடோ தகப்பனோடோ வருடம் முழுவதும் கூடவே போகலாம். வருடத்துக்கு 30 பிராங்தான். தாய் தகப்பன் வர முடியாவிட்டால் மாமியோ பக்கத்து வீட்டு அக்காவோ கூட்டிப்போவதற்கும் தனியாக ஒரு சிறுவர் அட்டை இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்தால் குழுச் சீட்டு. சறுக்குப் பலகைகளை ரயிலில் கொண்டுபோகத் தனிக் கட்டணம் இல்லை. ஒரு பிறந்தநாள் விழாவுக்கு மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் நாங்கள் செலவழிப்பதை நினைத்தால், ஒரு குடும்பம் பல தடவை மலைக்குப் போய் வரலாம். யாரையும் குறை சொல்லவில்லை, நானும் அப்படி விழா வைத்தவள்தான்.

கால் முறிந்தால் ஆர் பார்க்கிறது? அப்பாவின் அந்தக் கேள்விக்கும் மறுமொழி வேண்டும். கிழமைக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓரிடத்தில் வேலை செய்கிற எவருக்கும் வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் அந்த வேலையிடத்தின் மூலமே காப்புறுதி உண்டு. பனிச்சறுக்கில் விழுவதும் அதற்குள் வரும். பிள்ளைகளின் விபத்துக்கு மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. மலையில் மீட்புக் குழுவினர் நாள் முழுவதும் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். வழிகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். உலகம் முழுவதற்கும் பொதுவான பத்து விதிகள் இருக்கின்றன. பின்னால் வருகிறவர்தான் முன்னால் போகிறவரைக் கவனித்து வழி எடுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. முதல் நாள் ஒரு மணித்தியாலமாவது பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் படியுங்கள். தலைக்கவசம் இல்லாமல் ஒருவரையும் விடாதீர்கள். நான் முதியோரைத் தூக்கிப் பராமரிக்கிற வேலை செய்கிறவள். என் முழங்காலில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அப்படியிருந்தும் போகிறேன். கவனமாகப் போகிறேன்.

பெண்பிள்ளையை இரவு தங்க விடமாட்டோம் என்று சொல்லும் அப்பாமாருக்கும் ஒரு சொல். உங்கள் தயக்கத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. ஆனால் நாள் பயணத்தில் இரவே இல்லையே. காலையில் நீங்களே ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள், பின்னேரம் அங்கேயே வந்து கூட்டிப்போங்கள். அதை விட நல்லது, நீங்களும் ரயிலில் ஏறுங்கள். ஒரு நாள் உங்கள் மகள் சரிவில் இறங்கி வந்து உங்கள் முன்னால் பனி தெறிக்க நிற்பதைப் பார்த்தால், அடுத்த வருட முகாம் படிவத்தைப் பற்றி நாங்கள் வாதாட வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

சூரிச்சில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி இதல்ல. பேர்ணில் இருக்கிறீர்களா, இன்டர்லாகன் ஒஸ்ட் போய் மலை ரயிலில் ஏறினால் க்ரின்டல்வால்ட் டெர்மினல் நிலையத்தில் இறங்கி அப்படியே கேபிள்காருக்குள் போகலாம். 2019 மார்கழியிலிருந்து ரயில் அங்கே நேரே நிற்கிறது. லூட்சேர்னிலிருந்து எங்கெல்பெர்க்குக்கு முக்கால் மணித்தியாலம். வாலிஸ் மாநிலத்தில் ஃபீஷ் நிலையத்தில் ரயிலும் பஸ்ஸும் கொண்டோலாவும் ஒரே இடத்தில் கூடுகின்றன. ஸ்ரூஸ் கிராமத்துக்கு 2017 இல் திறந்த சரிவு ரயில் 110 சதவீதச் சாய்வில் ஏறுகிறது. பெட்டிகள் உருளை வடிவில் சுழன்று கொடுப்பதால் நீங்கள் நேராகவே நிற்பீர்கள். அதற்காகவே பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். லொசான் பக்கம் இருப்பவர்கள் பெக்ஸிலிருந்து வில்லார் போய், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் ப்ரத்தே வரை ஏறினால் ரயில் சறுக்குச் சரிவின் நடுவிலேயே இறக்கிவிடும்.

சறுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அம்மாமாருக்கு நான் எப்போதும் சொல்வது ப்ரேடா. க்ரவுபுண்டன் மாநிலத்தில் ஆல்புலா ரயில் பாதையில் இருக்கிறது. அங்கிருந்து பெர்க்யூன் வரை 6 கிலோமீற்றர் பழைய மலைவீதியைப் பனிக்காலத்தில் வாகனத்துக்கு மூடிச் சறுக்கு வண்டிக்கு விடுகிறார்கள். மரவண்டியில் இருந்து, காலால் தடுத்துத் தடுத்துக் கீழே வரலாம். வந்தால் அதே ரயில் மறுபடி மேலே ஏற்றிக்கொண்டு போகும். அந்த ரயில் பாதை 2008 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது, பாலங்களையும் வளைந்து வளைந்து ஏறும் குகைகளையும் பார்க்கவே போகலாம். என் மாமியாரைக் கூட்டிப்போனேன். அறுபத்தெட்டு வயது. மூன்று தரம் வந்தார்.

இனித் தமிழ்ப் பள்ளி நிர்வாகத்தினரிடமும் ஆசிரியர்களிடமும் வருகிறேன்.

தமிழை விட்டுப்போட்டுப் போனோமா? இல்லை. கொண்டோலாவுக்குள் என் மகள் கேட்டாள்: "அம்மா, கீழ இருக்கிறதும் பனி, மேல இருக்கிறதும் பனி, பாட்டி சொல்லுற மார்கழிப் பனியும் பனியா?" நல்ல கேள்வி. ஊரில் எங்களுக்குப் பனி என்றால் விடியற்காலையில் வேலிக் கிளுவையிலும் புல்லிலும் நிற்கும் ஈரம். தலையில் பனி படாதே என்று அம்மம்மா துவாயைப் போட்டுவிடுவார். முன்னோர் வருடத்தை ஆறு பொழுதாகப் பிரித்தபோது மார்கழி தையை முன்பனி என்றார்கள், மாசி பங்குனியைப் பின்பனி என்றார்கள். அந்தப் பனிக்கும் இந்த மலைக்கும் எவ்வளவு தூரம்! அந்த ஒரு சொல்லைக் கொண்டுவந்து நாங்கள் இங்கே எல்லாவற்றுக்கும் போர்த்திவிட்டோம். ஏரி மேல் நிற்பது மூடுபனி. கண்ணாடியில் படிவது உறைபனி. வானத்திலிருந்து பஞ்சாக விழுவது வெண்பனி. மகள் அன்று மூன்றையும் கண்ணால் பார்த்து மூன்று சொல்லையும் பிரித்து அறிந்தாள். வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிப்போட்டால் ஒரு கிழமையில் மறந்துபோகும். மூடுபனியைக் கிழித்து வெயிலுக்குள் போன பிள்ளை அதை மறக்காது.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. தையிலோ மாசியிலோ ஒரு சனிக்கிழமையைப் பனி நாள் என்று உங்கள் நாட்காட்டியில் குறியுங்கள். அன்று வகுப்பு மலையில் நடக்கட்டும், வருகைப் பதிவேடு ரயில் பெட்டியில் நடக்கட்டும். எங்கள் பழைய மாணவர்களில் நன்றாகச் சறுக்கத் தெரிந்த தம்பி தங்கைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளியை விட்டுப் போய் வருடங்களாகிவிட்டன, திரும்பி வர ஒரு காரணம் இல்லாமல் நிற்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். சிறியவர்களுக்குத் தமிழிலேயே அவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும். "பாரத்தைக் கீழ்க்காலில் போடு" என்பதும் தமிழ்தான். சறுக்காதவர்களுக்கு மரவண்டி. வயதானவர்களுக்கு வெயில்படும் வாங்கு. எங்கள் பள்ளிகள் திருக்குறள் ஒப்புவிக்கவும் பரதம் ஆடவும் பிள்ளைகளுக்கு மேடை அமைத்துக் கொடுத்திருக்கின்றன. வார விடுமுறையில் தூக்கம் விட்டுச் சம்பளமின்றிக் கற்பிக்கும் ஆசிரியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த உழைப்போடு இந்த ஒரு நாளையும் சேருங்கள் என்று கேட்கிறேன்.

பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். 2022, 2023 ஆகிய இரண்டே வருடங்களில் சுவிஸ் பனிப்பாறைகள் தங்கள் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. தாழ்வான மலைகளில் மழை பெய்கிறது, இயந்திரம் கொண்டு பனி தூவுகிறார்கள், சில லிஃப்டுகள் நின்றே விட்டன. நான் பன்னிரண்டு வயதில் பார்க்காமல் விட்ட பனி அன்று நிறைய இருந்தது. என் பேரப்பிள்ளைகளுக்கு எவ்வளவு மிஞ்சும்? காரை விட்டு ரயிலில் போவதற்கு அதுவும் ஒரு காரணம் எனக்கு.

முதல் பனி நாளுக்கு ஆட்கள் தேவையென்றால் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் ஏழு பேரும் வருவோம். சலவைப் பகுதியில் வேலை செய்யும் என் தோழி இப்போது நீல வழியில் தனியாக இறங்குகிறாள்; புதிதாக வரும் அம்மாமாருக்குப் பக்கத்தில் நிற்கத் தான் தயார் என்று சொல்லச் சொன்னாள். இரவல் கொடுக்க ஐந்து காற்சட்டையும் ஒன்பது சோடிக் கையுறையும் சேர்த்து வைத்திருக்கிறோம். வாசலில் என்னைக் கேட்ட அக்கா, நீங்களும் வாருங்கள். ஏழு மணிக்கு, தேவதைக்குக் கீழே. தேத்தண்ணீர் நான் கொண்டு வருவேன்.

அன்புடன்,
ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய்,
சூரிச் மாநிலம்